கதிரவன் எழும் நாட்டில் அயல்நாட்டு ஆசிரியர்

பிழைப்பைத் தேடிக் கடல் கடப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்று மூன்று தலைமுறை உழைத்து, 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல, இன்று நம் நீலமலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்கின்றன. அந்நிய மண்ணில் அந்நியனாய் வாழ்வது யாது என்று அவர்களிடம் எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அண்மைக் காலத்தில் வேறொரு வகைப் பயணம் பேசப்படுகிறது. கூலிக்காகவோ வணிகத்துக்காகவோ அன்றி, கற்பிப்பதற்காகச் செல்லும் பயணம் அது. ஜப்பானுக்குச் சென்று ஆங்கிலம் கற்பிக்கலாமா என்று பட்டம் பெற்ற இளைஞர் கேட்கின்றனர். அங்கே பிள்ளை எதை உண்பான், யாரோடு பேசுவான், ஞாயிறு திருப்பலி காண்பானா, அந்நாட்டுக் கேளிக்கைகளில் மூழ்கித் தன்னை இழந்துவிடுவானோ என்று பெற்றோர் கலங்குகின்றனர். இரு சாராருக்கும் பயன்படுமாறு, அந்நாட்டில் அயல்நாட்டு ஆசிரியரின் வாழ்வு எத்தகையது என்பதை இங்கே சிறிது விரிவாகக் காண்போம்.

முத்துக்குளித்துறையிலிருந்து ஜப்பான் கரைக்கு

ஜப்பானுக்குச் சென்ற அயல்நாட்டு ஆசிரியர்களுள் முதல் வரிசையில் நிற்பவர் நமக்கு அந்நியர் அல்லர். 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரை அழைத்துக் கற்பித்த புனித சவேரியாரே அவர். மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்தபின் அந்நாட்டின்மேல் அவருக்கு ஆவல் எழுந்தது. 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், விண்ணேற்பு விழாவன்று, அவர் ககோஷிமாவில் கரையிறங்கினார்.

அங்கே அவர் பட்ட முதல் இடர் மொழியால் வந்தது. கடவுளைக் குறிக்க எச்சொல்லை ஆள்வது? அஞ்சிரோவின் சொற்படி ‘தைநிச்சி’ என்னும் சொல்லை ஆண்டார். அது பௌத்தப் பிரிவொன்று வணங்கும் புத்தரின் பெயர் என்று பின்னரே தெரியவந்தது. உடனே அச்சொல்லைக் கைவிட்டு, ‘தேயுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லையே வழங்கலானார். உடையிலும் அவர் ஒரு பாடம் கற்றார். கிழிந்த அங்கியோடு சென்றவரை அந்நாட்டு மேலோர் மதிக்கவில்லை. ஆதலின் 1551-இல் யாமகுச்சியின் தலைவரைக் காணச் சென்றபோது நல்லுடை அணிந்து, கடிகாரம் முதலிய பரிசுகளுடன் சென்றார். தலைவர் அவருக்குத் தங்கிப் போதிக்க ஓர் ஆளற்ற மடத்தையே அளித்தார். ஏழ்மையை நேசித்த அத்துறவி கேட்போரின் பண்புக்காகத் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். கற்பிக்கச் செல்பவன் முதலில் மாணவனாய் அமர வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

கதை கேட்ட ஆசிரியர்

பின்னாளில் ஜப்பான் அந்நியருக்குக் கதவடைத்தது. மீண்டும் கதவு திறந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், மேலைநாட்டுக் கல்வியைப் பெற அந்நாடே ஊதியம் தந்து ஆசிரியர்களை அழைத்தது. அவ்வாறு கற்பித்தவர்களுள் லாஃப்காடியோ ஹெர்ன் குறிப்பிடத்தக்கவர். ஐரியத் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் 1850-இல் பிறந்த அவர், 1890-இல் மட்சுவே என்னும் ஊரில் ஆங்கில ஆசிரியரானார். கொய்சுமி செட்சு என்னும் சாமுராய்க் குலப் பெண்ணை மணந்தார். 1896-இல் கொய்சுமி யாகுமோ என்னும் பெயருடன் அந்நாட்டுக் குடிமகனானார்.

கணவருக்கு ஜப்பானிய மொழி அரைகுறை. மனைவிக்கோ ஆங்கிலம் அரிது. இருவரும் தங்களுக்கென்றே ஓர் உடைந்த மொழியை உண்டாக்கிக்கொண்டனர். மாலை வேளையில் செட்சு பழங்கதைகளைச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது, உன் சொந்தச் சொற்களில் சொல் என்று கணவர் வேண்டுவாராம். நம் பாட்டிமார் சொல்லும் கதைகளைப் போன்ற அப்பேய்க் கதைகளே ‘குவைதான்’ என்னும் பெயரில் 1904-இல் உலகம் அறிந்த நூலாயின. இன்றும் ஜப்பானியர் அந்த அந்நியரைத் தம் எழுத்தாளராகவே போற்றுகின்றனர்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்

இக்காலத்து ஆசிரியரின் நிலையைப் பார்ப்போம். 1987-ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு ஒரு பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கிப் பல நாட்டு இளைஞரைப் பள்ளிகளுக்குத் துணை ஆசிரியராய் அழைத்தது. ஆண்டுக்கு ஐயாயிரவர்க்கு மேற்பட்டோர் இதில் பணியாற்றுகின்றனர். ஒப்பந்தம் ஓராண்டுக்கே, நீட்டித்தாலும் ஐந்தாண்டைக் கடவாது. இத்திட்டத்துக்கு வெளியே தனியார் மொழிப்பள்ளிகளிலும் பலர் வேலை பெறுகின்றனர்.

அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். பள்ளி வாயிலில் காலணியைக் கழற்றி, உள்ளே அணிவதற்கென்றே வைத்திருக்கும் வேறு காலணியை அணிய வேண்டும். செருப்பை வெளியே விட்டு வீட்டுக்குள் நுழையும் நமக்கு இது எளிது; மேலைநாட்டாரே இதில் தடுமாறுவர். ஆசிரியரை ‘சென்செய்’ என்பர். ‘முன் பிறந்தவர்’ என்பது அச்சொல்லின் பொருள். இருபத்திரண்டு வயது இளைஞனையும் அவ்வாறே வணங்கி அழைக்கும்போது, அவனுக்கு மகிழ்ச்சியோடு அச்சமும் தோன்றும்.

நண்பகல் உணவைப் பல பள்ளிகளில் மாணவரே முறை வைத்து, வெண்ணிறத் தொப்பியும் மேலங்கியும் அணிந்து பரிமாறுவர். ஆசிரியரும் வகுப்பறையில் அவர்களோடு அமர்ந்து அதே உணவை உண்பார். உண்டபின் துடைப்பமும் துணியும் ஏந்தி வகுப்பறையையும் நடைவழியையும் மாணவரே தூய்மை செய்வர். பெருக்குவது வேறொருவர் வேலை என்று பிள்ளைகளை வளர்க்கும் நம் வீடுகள் இதனைக் கருதிப் பார்த்தல் நலம்.

குறைகளும் உண்டு. ஜப்பானிய மாணவன் பிழைபடப் பேசுவதைவிடப் பேசாதிருப்பதையே விரும்புவான். கேள்வி கேட்டால் வகுப்பு முழுவதும் மௌனம் காக்கும். தன் பாடம் பயனற்றதோ என்று புதிய ஆசிரியர் மனம் சோர்வார். அம்மௌனத்தில் வெறுப்பில்லை, நாணமே உண்டு என்று அறியச் சில மாதங்கள் ஆகும்.

வீடும் வீதியும்

வீட்டு வாழ்வில் சிறு செய்திகளே பெரிய சோதனைகள். குப்பையை எரிவது, எரியாதது, புட்டி, தாள் என்று பிரித்து, அதற்குரிய நாளில்தான் வைக்க வேண்டும். மாறி வைத்தால் அப்படியே கிடக்கும், அண்டை வீட்டார் முகமும் மாறும். குளிக்கும்போது தொட்டிக்கு வெளியே உடலைக் கழுவிய பின்னரே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். வீட்டார் அனைவருக்கும் அதே நீர்தான். புலால் உண்ணாதவருக்கு உணவு பெருந்தொல்லை. காய்கறிக் குழம்பு போன்று தோன்றுவதிலும் உலர்ந்த மீனின் சாறு கலந்திருக்கும். வடபகுதியில் பனி ஆளுயரம் பெய்யும். நம் வெலிங்டனில் தை மாத உறைபனிக்கே கம்பளியைத் தேடும் நாம் அதனை எண்ணிப் பார்க்கலாம்.

இவை யாவும் பழகிவிடும். பழகாத ஒன்று தனிமை. ஊரார் பணிவோடு நடத்துவர், வழி கேட்டால் உடன் வந்து காட்டுவர். ஆயினும் தொடர்வண்டியில் அந்நியரின் பக்கத்து இருக்கை காலியாகவே இருப்பதுண்டு என்று அங்கு வாழ்ந்தோர் பலர் எழுதியுள்ளனர். பத்தாண்டு வாழ்ந்தவரையும் ‘ஜப்பானுக்கு எப்போது வந்தீர்கள்?’ என்றே கேட்பர். வீட்டிலிருந்து வாரம் ஒருமுறை பெற்றோர் பேசும் பேச்சு அந்நாளில் மருந்தாகும்.

பாட்டும் படமும்

பெற்றோர் அஞ்சும் கேளிக்கைகளுக்கு வருவோம். படக்கதையும் அசைவூட்டப் படமும் அந்நாட்டில் சிறுவருக்கு மட்டும் உரியவை அல்ல. அலுவலகம் செல்வோரும் விரும்பிப் பார்ப்பர். 1969-இல் தோன்றிய டோரேமோன் என்னும் எந்திரப் பூனையை நம் வீட்டுக் குழந்தைகளே தமிழ் பேசக் கேட்டிருக்கின்றனர். அதே ஆண்டில் தொலைக்காட்சிக்கு வந்த ‘சசாயே-சான்’ என்னும் குடும்பக் கதை ஞாயிறு மாலைதோறும் இன்றும் தொடர்கிறது. பாட்டன், பாட்டி, மகள், மருமகன், பேரன் ஒரே வீட்டில் உண்டு உறங்கும் கதை அது. அத்தகைய கூட்டுக் குடும்பம் அங்கும் அருகிவருவதனாலேயே மக்கள் அதனை விரும்புகின்றனர் போலும்.

வாய் திறவாத மாணவனின் பென்சில் பெட்டியில் ஒட்டியிருக்கும் படத்தைச் சுட்டி, ‘இவன் பெயர் என்ன?’ என்று ஆசிரியர் கேட்டால், அவன் முகம் மலர்ந்து முதல் ஆங்கிலச் சொல்லை உதிர்ப்பான். மாணவன் விரும்புவதை ஆசிரியர் அறிந்திருப்பது வீண்பொழுது ஆகாது. ஆயினும் அப்படங்களுள் வன்முறையும் ஆபாசமும் மலிந்தவையும் உண்டு. எது எவ்வயதினர்க்கு உரியது என்று பார்த்துத் தேர்வது அங்குள்ள பெற்றோர்க்கும் கடமை, இங்குள்ள பெற்றோர்க்கும் கடமை.

1971-இல் கோபே நகரில் பிறந்த கரவோக்கே அங்கே ஆசிரியர் விருந்துகளிலும் தவறாது இடம்பெறும். ‘ஆளில்லா வாத்தியக் குழு’ என்பது அதன் பொருள். நாள் முழுதும் நிமிர்ந்து அமர்ந்திருந்த தலைமையாசிரியர் ஒலிவாங்கியைப் பிடித்துக் காதற்பாட்டுப் பாடுவார். மறுநாள் காலை எதுவும் நடவாதது போல் வணக்கம் சொல்வார். அடுத்து அயல்நாட்டார் பாட வேண்டும். குரல் நன்றாயில்லை என்று ஒதுங்குபவரைவிட, தப்பும் தவறுமாய்ப் பாடுபவரையே அவர்கள் விரும்புவர்.

தமிழருக்கு அங்கே எதிர்பாராத ஓர் உறவும் உண்டு. 1995-இல் வெளிவந்த ரஜினிகாந்தின் ‘முத்து’ திரைப்படம், 1998-இல் டோக்கியோவில் ‘ஆடும் மகாராஜா’ என்ற பெயர் தாங்கித் திரையிடப்பட்டுப் பல வாரம் ஓடியது. மொழி ஒன்றும் அறியாத ஜப்பானிய இளைஞர் அதன் ஆடல் பாடலைக் கொண்டாடினர். தமிழ்நாடு எங்கே என்று விளக்கத் திணறும் ஆசிரியருக்கு அவ்வொரு பெயரே அறிமுகச் சீட்டாக உதவும்.

தமிழரும் அங்கே ஆசிரியர்

ஆய்வுத் துறையிலும் இவ்வுறவு வளர்ந்தது. ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று வாதிட்டவர் டோக்கியோவின் காகுஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ. நம் பொங்கலையும் ஜப்பானியரின் தை நடுப்பகுதிச் சிறு புத்தாண்டையும்கூட அவர் ஒப்பிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அவர் கொள்கையை ஏற்கவில்லை. ஆயினும் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் சண்முகதாசும் அவர்தம் துணைவியார் மனோன்மணியும் ஜப்பானில் தங்கி அவரோடு ஆய்ந்தனர். சங்க அகப்பாடல்களை ஜப்பானியப் பழம்பாடல்களோடு ஒப்பிட்டனர். மறுபுறம் நொபொரு கராஷிமா 1961-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மாணவராய் வந்து, சோழர் கல்வெட்டுகளைக் கற்று, பின்னர் நமக்கே நம் வரலாற்றைக் கற்பிக்கும் அறிஞரானார்.

ஞாயிறும் கிறிஸ்து பிறப்பும்

ஜப்பானில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். சிற்றூரில் வாழும் ஆசிரியர் திருப்பலிக்காக நெடுந்தொலைவு செல்ல நேரும். ஆனால் அங்கே பிலிப்பீன்ஸ், வியட்நாம், பிரேசில் நாட்டுத் தொழிலாளரையும் காண்பார். பல பங்குகள் அவர்களாலேயே உயிர்பெற்றுள்ளன. டிசம்பர் 25 அங்கே விடுமுறை நாளன்று. அன்று ஜப்பானியர் பொரித்த கோழியும் பழம் வைத்த வெண்ணெய்ப் பாலேட்டு அப்பமும் உண்பர். 1974-இல் ஓர் அமெரிக்க உணவகம் செய்த விளம்பரத்தால் கோழி வழக்கம் நிலைபெற்றது. குழந்தை இயேசு இல்லாத அவ்விழாவைக் கண்டு நம் பிள்ளையின் உள்ளம் வாடலாம்.

அவ்வேளையில் நாகசாகியை நினைப்பது ஆறுதல் தரும். 1614-இல் மறை முற்றும் தடைசெய்யப்பட்டபின், குருக்கள் இன்றி, நற்கருணை இன்றி, பெற்றோர் பிள்ளைக்குக் கற்பித்தும் பொதுநிலையினரே திருமுழுக்கு அளித்தும் இருநூற்றாண்டுக்கு மேல் விசுவாசத்தைக் காத்தனர். 1865 மார்ச் 17-இல் ஓவுரா கோவிலில் அவர்களது வழித்தோன்றல்கள் வந்து ஒரு குருவிடம் தம்மை வெளிப்படுத்தினர். ஆசிரியர் அனைவரும் போனபின்னும் பாடம் நின்றது. வீடே அதற்குப் பள்ளியாய் இருந்தது. பிள்ளை தன்னை இழந்துவிடுவானோ என்று கலங்கும் பெற்றோருக்கு நாம் கூறும் விடையும் இதுவே. பதினைந்து இருபது ஆண்டுகள் வீட்டில் எதைக் கற்றானோ அதையே அவன் பெட்டியில் எடுத்துச் செல்வான்.

வெலிங்டன் வீதியில்

செல்ல விரும்பும் இளைஞர்க்குச் சில சொற்கள். வேலை தருவோர் யார், ஒப்பந்தம் எவ்வளவு காலம், வீட்டு வாடகை யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். பணம் கேட்கும் தரகரை நம்பாதீர்கள். புறப்படுமுன் ஜப்பானிய எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுக்குப் பின் என்ன செய்வது என்பதையும் இப்போதே எண்ணுங்கள்.

வீட்டில் இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. ஜக்கதளா என்று முன்னர் வழங்கிய நம் வெலிங்டனில், 1947 முதல் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி நடைபெறுகிறது. நட்பு நாடுகளின் அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து ஏறத்தாழ ஓராண்டு இங்கே தங்குகின்றனர். அவர்களுடைய மனைவியர் நம் கடைகளில் காய்கறியின் பெயர் தெரியாமல் கைகாட்டி நிற்கின்றனர். நம் பிள்ளையிடம் ஜப்பானில் ஒரு கிழவி அன்பாய் ஒரு சொல் பேச வேண்டும் என்று விரும்பும் தாய், இங்கே அப்பெண்ணுக்குக் கத்தரிக்காயின் தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கொடுக்கலாம்.