எழுத்தைக் கலைத்துப் போட்ட இயந்திரம்

அந்தக் காலத்தில் புத்தகத்துக்கு எழுத்துக் கோத்தது எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கோத்த கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். அச்சான பிறகு அந்த எழுத்துகள் என்ன ஆயின என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. பாரத்தை, அதாவது பக்கமாகக் கட்டிய எழுத்துத் தொகுதியைக் கழுவி, ஒவ்வொரு ஈய எழுத்தையும் கேஸ் என்னும் அறைகள் கொண்ட தட்டில் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். பல அச்சகங்களில் கோத்த அளவுக்குத்தான் கூலி. கலைத்துப் போடும் நேரம் அதற்குள்ளேயே அடக்கம்.

1886 ஜூலையில் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் ஓடத் தொடங்கிய லைனோடைப் இயந்திரம் இந்த வேலையையே ஒழித்தது. செய்தவர் ஓட்மார் மெர்கெந்தாலர்; ஜெர்மனியில் கடிகாரத் தொழில் பழகி அமெரிக்கா போனவர். விசையைத் தட்டினால் எழுத்தின் குழிவு வெட்டிய பித்தளை அச்சு நழுவி வரும். வரி நிறைந்ததும் உருகிய ஈயக் கலவை பாய்ந்து, முழு வரியும் ஒரே கட்டியாக வெளியே வரும்.

என்னை மயக்குவது அடுத்து நடப்பது. நீண்ட கை ஒன்று அந்தப் பித்தளை அச்சுகளை உச்சிக்குத் தூக்குகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வெட்டு. அதன் இருபுறமும் பற்கள், ஏழு ஜோடி வரை. எழுத்துக்கு எழுத்து பல் வரிசை வேறு. வரிப்பள்ளம் வெட்டிய தண்டில் பற்களால் தொங்கியபடி அவை நகர்கின்றன. தன் பற்களைத் தாங்கும் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே அச்சு விழும். நேர் கீழே அதன் அறை. எங்கள் தெருவில் கல்யாணம் முடிந்ததும் இரவல் அண்டா குண்டான்கள், வெட்டியிருக்கும் பெயரை வைத்து அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். அதே ஏற்பாடுதான்.

ஒரு லைனோடைப், எழுத்துக் கோக்கும் நாலைந்து கம்பாசிட்டர்களின் வேலையைச் செய்தது. அமெரிக்க அச்சுத் தொழிலாளர் சங்கம் அதை உடைக்கக் கிளம்பவில்லை. எங்கள் ஆட்களே அதை ஓட்டுவார்கள் என்று நின்றது. பின்னாளில் கணினி வந்தபோதும் அப்படியே. 1974இல் நியூயார்க் நாளிதழ்க் கம்பாசிட்டர்களுக்கு ஆயுள் முழுக்க வேலை உறுதி என்று ஒப்பந்தம் வாங்கியது. நியூயார்க் டைம்ஸில் லைனோடைப் நின்றது 1978 ஜூலையில்.

நம் சிற்றூர் அச்சகங்களிலோ, ஈய எழுத்து வேண்டாத ஆஃப்செட் அச்சுமுறை வந்தபோது கேஸ் முன் நின்ற பலர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். எழுத்துகள் பழைய ஈயமாக எடைக்குப் போயின. எந்த அறையில் எந்த எழுத்து என்று இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய முதியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்கள் அவர்களைத் தேடிப் போய்க் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும், இந்த ஆண்டே.