ஆச்சிக்குத் தெரியாத மனையியல்

காரைக்குடிப் பக்கம் ப்ளஸ் டூ முடித்த ஒரு பெண் "மனையியல் படிக்கப் போறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். "சமையல் படிக்கவா காலேஜுக்குப் போற? அதை ஆச்சிகிட்டயே கத்துக்கலாமே!" என்று யாராவது ஒருத்தர் கேட்டே தீருவார். கிண்டல்தான். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஆச்சிக்குத் தெரிந்ததற்கும் இந்தப் படிப்புக்கும் என்னதான் வித்தியாசம்?

ஆச்சிக்குத் தெரிந்தது கொஞ்சநஞ்சமில்லை. நகரத்தார் வீடுகளில் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணமானதும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு என்று நெல்லும் செலவுப் பணமும். அதற்குள் குடித்தனம் நடத்தியாக வேண்டும். மாமியார் பக்கத்து அடுப்பில்தான் இருப்பார், ஆனால் கணக்கு வேறு. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் கோயில் வரிக்கு ஒரு 'புள்ளி'. ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போய் வருஷக்கணக்கில் திரும்பாத காலத்தில் அந்தப் பெரிய வீடுகளை நடத்தியது பெண்கள். பட்ஜெட், இருப்புக் கணக்கு, வற்றலும் உப்புக்கண்டமுமாகப் பதப்படுத்தல், விருந்துக்கு ஆள் கணக்கு பார்த்து உலை வைப்பது எல்லாம் இதில் அடக்கம். மனையியல் பாடத்திட்டத்தில் 'வள மேலாண்மை' என்று ஒரு பிரிவே இருக்கிறது. அதைப் படிக்கும்போது செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும் என்று நினைக்கிறேன்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆச்சிக்குத் தன் வீட்டு ஆட்களைத் தெரியும். யாருக்குப் புளி ஆகாது, யாருக்கு மோர் வேண்டும் என்பதெல்லாம் முப்பது வருஷப் பழக்கத்தில் வந்தது. மருத்துவமனையில் உட்காரும் உணவியல் நிபுணருக்கு எதிரில் இருப்பவர் முன்பின் தெரியாத ஆள். சிறுநீரகம் பழுதானவருக்கு ஒரு நாளைக்குப் பொட்டாசியம் எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதை அவர் வீட்டில் செய்யக்கூடிய குழம்பாக மாற்றிச் சொல்ல வேண்டும். கைமணம் அங்கே உதவாது.

இந்த வேலையை ஒரு தொழிலாக நிறுத்தியதில் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் எலன் ரிச்சர்ட்ஸ் என்ற வேதியியலாளர், எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் பெண், 1909-ல் தொடங்கிய மனைப் பொருளியல் சங்கத்துக்கு முதல் தலைவரானார். அதே சங்கம் 1994-ல் 'குடும்பம் மற்றும் நுகர்வோர் அறிவியல்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அங்கேயும் சமையல் கிண்டல் விடவில்லை போல!

நம் பக்கம் 1957-ல் கோவையில் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் மனையியல் கல்லூரி தொடங்கினார் (பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் திருப்பூர்ப் பக்கம்). அதை வளர்த்தெடுத்தவர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி வந்த ராஜம்மாள் தேவதாஸ். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய மதுரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரி இருக்கிறது. அதுவும் இப்போது 'சமுதாய அறிவியல் கல்லூரி'. பெயரை மாற்றினால் மதிப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. சம்பளம் வந்தால் மதிப்பு தானாக வரும்.

சம்பளத்துக்கு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. மருத்துவமனை, பெரிய உணவுக்கூடங்கள், மேல்நிலைப் பள்ளிகளில் மனையியல் ஆசிரியர், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். இந்தக் கடைசிப் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. கேட்பதே மனையியல், ஊட்டச்சத்து மாதிரியான பட்டங்களைத்தான்.

இனி, படித்து முடித்த பிள்ளைகள் குழம்பும் இடம். இந்திய மனையியல் சங்கம் இருக்கிறது. 1963-ல் தொடங்கிய இந்திய உணவியல் சங்கமும் இருக்கிறது. சந்தா கட்டினால் உறுப்பினர். மாநாட்டுக்குப் போகலாம், நாலு பேரைப் பழகலாம், எங்கே வேலை காலி என்று காதில் விழும். சின்ன ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. ஆனால் உறுப்பினர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் 'பதிவுபெற்ற உணவியல் நிபுணர்' ஆகிவிட முடியாது. அதற்கு உரிய படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்து, உணவியல் சங்கம் நடத்தும் தேர்வில் தனியாகத் தேற வேண்டும்.

2021-ல் இன்னொன்றும் சேர்ந்தது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உணவியல், ஊட்டச்சத்து நிபுணர்களையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறுவதுதான் அந்தச் சட்டத்தின் அடிப்படை. ஆக உறுப்பினர் அட்டை, சங்கத்தின் தேர்வு, அரசுப் பதிவேடு மூன்றும் தனித்தனி. கல்லூரியில் சேரும்போதே, இந்தப் பட்டத்தை வைத்துப் பதிவேட்டில் ஏற முடியுமா என்று கேட்டுவிடுங்கள். ஜவுளி, குழந்தை வளர்ச்சி, விரிவாக்கம் பக்கம் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. சங்கச் சந்தாவை முதல் சம்பளம் வந்த பிறகுகூடக் கட்டிக்கொள்ளலாம்.