பிரஷரும் மூச்சு முட்டும்

மூச்சு முட்டினால் ‘தொய்வு’ என்கிறோம். பிரஷரை வேறொரு வருத்தமாக எண்ணுகிறோம். ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

குருதியமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேலாக நீண்டகாலம் இருந்தால், இதயத்தின் இடப்பக்கம் தடித்து விறைக்கிறது. சுவாசப்பையிலிருந்து வரும் இரத்தத்தை அதனால் முழுமையாக ஏற்க முடிவதில்லை. இரத்தம் பின்தேங்க, அதன் நீர் சுவாசப்பையினுள் கசிகிறது. படுத்தால் மூச்சு முட்டுதல், நடுச்சாமத்தில் எழுந்திருந்து மூச்சு வாங்குதல், கால் வீக்கம் என்பன இதன் அடையாளங்கள். தொய்வென்று நினைத்து விடியும்வரை காத்திருப்பது ஆபத்து. 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

மருந்திலும் கவனம் தேவை. புரோப்பிரனலோல், அட்டெனலோல் போன்ற பிரஷர்க் குளிசைகள் தொய்வுக்காரருக்கு இழுப்பைக் கூட்டலாம். எனலாபிரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். ஆகவே அயல்வீட்டாரின் குளிசையை வாங்கிப் போடாதீர்கள். உங்கள் குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு வருத்தங்களையும் சொல்லுங்கள். போடும் குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. விறகடுப்புப் புகை வெளியேற வழி விடுங்கள். சுருட்டை, பீடியைக் கைவிடுங்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம்.