பணிவே தொண்டின் உயிர்

தொண்டு செய்வோர் பலர்; பணிவோடு தொண்டு செய்வோர் சிலர். கிறிஸ்தவ வாழ்வில் தொண்டும் பணிவும் பிரிக்க முடியாதவை. இதனை ஆண்டுதோறும் நினைவூட்டுவதே பெரிய வியாழனன்று நடைபெறும் பாதம் கழுவும் சடங்காகும்.

யேசுநாதர் காலத்துப் பலஸ்தீனத்தில் மக்கள் புழுதி நிறைந்த வீதிகளில் நடந்தே பயணித்தனர். வீட்டுக்கு வருவோரின் கால்களைக் கழுவுவது ஊழியரின் வேலையாகக் கருதப்பட்டது. ஆனால் இறுதி இராவுணவின்போது குருவாகிய யேசுவே இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் கூறுகிறது. அவரைக் காட்டிக்கொடுக்கவிருந்த யூதாசும் அப்பந்தியில் இருந்தான். தகுதி பார்த்துச் செய்யப்படுவது தொண்டாகாது என்பதே இதன் பொருள். பேதுருவோ முதலில் மறுத்தார். உதவி பெறுவதற்கும் பணிவு வேண்டும் என்பதை அவரது மறுப்பு உணர்த்துகிறது.

இத்தகைய தொண்டுக்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697இல் அதே கண்டியில் பெரியம்மை பரவியது. உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரோ அவர்களுக்குக் குடில் அமைத்து, புண்களைக் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தார். நோயாளரின் மதத்தை அவர் கேட்கவில்லை. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் மதிப்பை அவர் பெற்றதற்கு இத்தொண்டே முக்கிய காரணம். 1711இல் கண்டியில் மறைந்த அவருக்கு 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் பட்டம் வழங்கினார்.

அப்பாப்பரசரும் 2013ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று உரோமையிலுள்ள இளைஞர் சிறையொன்றுக்குச் சென்று, முஸ்லிம் பெண்ணொருவர் உட்பட 12 பேரின் பாதங்களைக் கழுவினார்.

இன்று நிவாரணப் பொதி ஒன்றைக் கொடுப்பதற்கும் பதாகையும் புகைப்படமும் தேவைப்படுகின்றன. பெறுபவர் தமது வறுமையைப் படத்திற்குக் காட்டிநிற்க வேண்டியுள்ளது. அவரது பசி ஒருவேளை தீரலாம். மானத்திற்கு ஏற்பட்ட காயம் எளிதில் ஆறாது. மறைவாகச் செய்யும் தருமத்தை மலைப்பிரசங்கமும் நபிமொழிகளும் ஒருங்கே போற்றுவதை நாம் மறந்துவிடலாகாது.

பணிவு தானாக வருவதன்று, பழக்கத்தால் வளர்வது. பிறர் காணாத சிறு வேலைகளை விரும்பி ஏற்றல், கொடுப்பதற்கு முன் தேவை என்னவென்று கேட்டறிதல், பிறர் திருத்தும்போது சினங்கொள்ளாதிருத்தல் ஆகியன அதற்கான பயிற்சிகள். ஆலய சபைகளில் பதவி வகிப்போருக்கு இவை மிகவும் அவசியம். பதவி மேலே அமர்வதற்கான ஆசனம் அன்று. குனிந்து பிறர் பாதம் கழுவுவதற்கான வாய்ப்பாகும்.