மெய்நிகர்ப் பொறிகளும் வாயிற் காவலும்

யாழ்ப்பாணத்துக் காணியுறுதிகளை வாசித்தோர், பரப்பும் எல்லையும் கூறியபின்னர்க் கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் குறிக்கப்படுதலை அறிவர். கிணறு ஒன்று, பங்காளர் பலர். அவரவர் முறைநாளில் நீர் இறைப்பர். பிறர் தோட்டத்துட் புக எவர்க்கும் உரிமையில்லை. ஒரு கணினியைப் பலர் பகிர்ந்தாளும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே.

ஒரே வன்பொருளின்மீது பல கணினிகள் தனித்தனியே இயங்குவன போலத் தோற்றுவிக்கும் ஏற்பாட்டை மெய்நிகராக்கம் என்பர். இஃது அண்மைக்காலத்துப் புதுமையன்று. ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்./370 என்னும் முறைமையை 1972 இல் அறிவித்தது. 1974 இல் போப்பெக், கோல்ட்பேர்க் என்னும் இருவர் இத்தகைய மேற்பார்வை மென்பொருளுக்கு வேண்டிய இயல்புகளை வகுத்துரைத்தனர். அவற்றுள் ஈண்டு நாம் கருதவேண்டியது, வளங்கள் யாவும் மேற்பார்வையாளனின் ஆட்சியிலேயே இருத்தல் வேண்டும் என்பதாகும்.

இவ்வாட்சி இரு வழிகளாற் குலையலாம். முதலாவது, உள்ளிருப்பவன் வேலியைப் பிரித்து வெளியேறுதல். 2015 மே மாதத்தில் வெளிப்பட்ட ‘வெனம்’ என்னும் குறைபாடு இதற்குத் தக்க சான்று. கியூஎமு என்னும் மென்பொருளில், நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தியைப் போல நடிக்கும் பகுதி ஒன்றுண்டு. அதன் 512 பைற்று இடையகத்துள் அளவுக்கு மிஞ்சிய தரவைச் செலுத்தி, வெளியிலுள்ள முறைமையைக் கைக்கொள்ள வழியிருந்தது. பிழை 2004 முதலே அங்கிருந்தது. நெகிழ்வட்டைக் கண்ணாற் கண்டிராத மாணவரே இன்று நம் வகுப்புகளில் உளர்; எனினும் அப்பழம்பொருளின் நிழல், எவரும் வேண்டாதபோதும், பொறிகளினுள் இருந்துகொண்டேயிருந்தது!

இரண்டாவது வழியே பெரிதும் கவனிக்கப்படாதது. மெய்நிகர்ப் பொறிகளை ஆக்கவும் நிறுத்தவும் அழிக்கவும் ஓர் இடைமுகம் வேண்டும். லினக்ஸ் முறைமைகளில் லிப்விர்ட் என்பது இப்பணியைச் செய்கின்றது. அதன் சேவகன் பெரும்பாலும் முழு அதிகாரத்துடன் இயங்குபவன். அவனிடம் செல்ல இரு வாயில்கள் உள்ளன: ஒன்று ஆணையிடுவோர்க்கு, மற்றையது பார்வையிட மட்டும் உரிமையுள்ளோர்க்கு.

2019 யூன் மாதத்தில் இப்பார்வை வாயிலிலேயே ஓட்டைகள் காணப்பட்டன. அவற்றுள் ஒன்று வியப்புக்குரியது. ‘இன்ன பாதையிலுள்ள பாவனை நிரலின் ஆற்றல்கள் யாவை?’ என ஒருவர் வினவலாம். விடையறியும்பொருட்டுச் சேவகன் அந்நிரலைத் தன் அதிகாரத்துடனேயே இயக்கிப் பார்ப்பான். வினவுவோன் தான் எழுதிய தீய நிரலின் பாதையைக் கொடுத்தால் விளைவு யாதாகும்? கேள்வி கேட்கமட்டும் வந்தவன் வீட்டுக்கு உடையவனாகிவிடுவான். பிறர்பொருட்டுச் செயலாற்றுவோன் தன் அதிகாரத்தையும் கேட்டவன் அதிகாரத்தையும் வேறுபடுத்தாது மயங்குதலை, நோர்ம் ஹார்டி என்பவர் 1988 இலேயே ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார். பின்னர் அவ்வழைப்புகள் பார்வை வாயிலில் மறுக்கப்பட்டன.

ஆணையிடும் வாயிலைப்பற்றி என் பிழையொன்றையும் கூறவேண்டும். மாணவர் இடையூறின்றிப் பயிலட்டும் என்றெண்ணிக் கணினி அறையிலே அனைவரையும் லிப்விர்ட் குழுவிற் சேர்த்துவைத்தேன். பழைய மாணவர் ஒருவர் வந்து நகைத்தார். அக்குழுவினன் ஒருவன் புதிய பொறியொன்றை ஆக்கி, வெளிக்கணினியின் முழு வட்டையும் அதற்கு வட்டாகக் கொடுத்தால், கடவுச்சொற் கோப்பு உட்பட யாவும் அவன் கையில் என்றார். அவர் சொன்னவாறே செய்துபார்த்தேன், அவ்வாறே ஆயிற்று.

2013 இல் வெளிவந்த 1.1.0 ஆம் பதிப்பு முதல், இன்னார் இன்ன பொறியில் இன்ன செயலையே செய்யலாம் என நுணுக்கமாக வரையறுக்க இயலும். அன்றியும், எஸ்விர்ட் என்னும் ஏற்பாடு ஒவ்வொரு பொறிக்கும் அதன் வட்டுக் கோப்புக்கும் தனிக்குறி இடுகின்றது. வேலி பிரித்து வந்தவனும் பிறன் குறியுடைய கோப்பைத் திறக்கவியலாது. நம் மாணவர்க்கோ இவ்வளவும் வேண்டா. ஒவ்வொருவரும் தத்தம் பயனர் உரிமைக்குள்ளேயே பொறிகளை இயக்கும் அமர்வு முறை லிப்விர்ட்டில் உண்டு. வலையமைப்பு வசதி அதிற் சற்றுக் குறைவு. பயிற்சிக்கு அது போதும். குழுவிலிருந்து அனைவரையும் நீக்கிவிட்டு, இப்பொழுது அம்முறையையே கையாள்கின்றேன்.