பகிர்ந்துண்ணும் பண்டம்: கச்சானும் கஜுவும் சேராத தானியத் துண்டுகள்

இனிப்புப் பண்டத்தைக் கண்டு கை நீட்டாத குழந்தை உலகில் இல்லை என்பார்கள். அப்படிக் கை நீட்டாத குழந்தை ஒன்றை நான் கண்டேன்.

எங்கள் வீட்டிலே ஒரு பிறந்தநாள் விருந்து. பிள்ளைகள் எல்லோரும் தட்டைச் சுற்றி மொய்த்து நிற்க, அயல் வீட்டுச் சிறுவன் மாத்திரம் இரு கைகளையும் முதுகுப்புறம் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். கச்சான் அவனுடைய உடலுக்கு ஒவ்வாது என்பதை நான் அறிவேன். ஆகவே, கச்சான் சேர்க்காத தானியத் துண்டுகளை அவனுக்கென்றே செய்து வைத்திருந்தேன். பெருமையோடு அவற்றை எடுத்து நீட்டினேன். அவனுடைய தாயார் தயங்கியவாறு கேட்டார்:

“அக்கா, இதை எந்தத் தாச்சியிலே வறுத்தீர்கள்?”

நான் வாயடைத்து நின்றேன். காலையிலே கச்சான் வறுத்த அதே தாச்சி, அதே அகப்பை. துணியால் துடைத்தேனேயன்றிக் கழுவினேனில்லை. “குறை நினைக்காதீர்கள் அக்கா” என்று சொல்லி, அந்தத் தாயார் மகனைத் தம் அருகே அழைத்துக்கொண்டார். அந்தச் சிறுவன் வெறுங்கையோடு வீடு சென்றது என் மனத்தை இன்றும் வருத்துகின்றது. அன்று நான் கற்ற பாடத்தையே இங்கு எழுதுகின்றேன்.

ஏன் இந்த அச்சம்?

நோய்க் கிருமிகளை எதிர்த்து நம்மைக் காப்பது உடலின் இயல்பு. சிலருடைய உடல், தீங்கற்ற ஓர் உணவிலுள்ள புரதத்தையும் பகையென்று தவறாகக் கொண்டு போர் தொடுத்துவிடுகின்றது. இதுவே ஒவ்வாமை. ‘அலர்ஜி’ என்னும் பெயரை 1906ஆம் ஆண்டில் உருவாக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை வைத்தியரான கிளெமென்ஸ் வொன் பிர்கே என்பவராவர். தோல் தடித்தல், உதடும் முகமும் வீங்குதல், வாந்தி ஆகியன இதன் அறிகுறிகள். மூச்சு இழுக்குமாயின், அல்லது பிள்ளை சோர்ந்து மயங்குமாயின், அது உயிருக்கே ஆபத்தான நிலையாகும். கச்சானை வறுப்பதனால் அந்தப் புரதம் அழிந்துவிடுவதில்லை. அகப்பையில் ஒட்டிய சிறு துகளும் சிலருக்குப் போதுமானது.

இதனைக் கொண்டு கச்சானே தீயதென்று எவரும் எண்ணலாகாது. ஒவ்வாமை இல்லாதவர்க்கு அது சத்துள்ள உணவே. நல்லூர்த் திருவிழாவுக்குச் சென்று கச்சான் வாங்காமல் திரும்புவோர் எத்தனை பேர்? நாம் வேண்டுவதெல்லாம், உண்ண இயலாத பிள்ளையும் மற்றவர்களோடு கூடியிருந்து உண்ணத்தக்க ஒரு பண்டமே.

சொல்லிலே ஒரு மயக்கம்

சமையற் குறிப்புகளைப் படிக்கும் சகோதரிகள் ஒன்றை அவதானிக்க வேண்டும். நம் நாட்டில் முந்திரிகை என்றால் கொடியிற் பழுக்கும் திராட்சை. கஜுவை மரமுந்திரிகை என்கின்றோம். தமிழ்நாட்டிலோ முந்திரி என்றாலே கஜுதான். நாம் கடலை என்பது அவித்தும் வறுத்தும் உண்ணும் கொண்டைக்கடலை; அங்கே கடலைமிட்டாய் என்பது கச்சானாற் செய்யப்படுவது. ஒரு சொல்லை மாற்றி விளங்கிக்கொண்டால் விளைவு விபரீதமாகலாம்.

கச்சான் உண்மையில் கொட்டை வகையைச் சேர்ந்ததன்று. பயறு, உழுந்து ஆகியவற்றைப் போல அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கஜுவும் பாதாமும் மரத்திற் காய்ப்பவை. எனினும், கச்சான் ஒவ்வாதவர்களுட் சிலருக்கு இவையும் ஒவ்வா. ஆதலால் நாம் செய்யும் பண்டத்தில் இரண்டையும் நீக்கிவிடுவோம். எள்ளும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குவதால் அதனையும் சேர்க்கவில்லை.

வேண்டிய பொருட்கள்

1863ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்னும் வைத்தியர் முழுக்கோதுமை மாவைச் சுட்டு உடைத்து ‘கிரனுலா’ என்றொரு காலையுணவைச் செய்தார். இன்று கடைகளில் விற்கும் கிரனோலாவுக்கு அதுவே முன்னோடி. வறுத்த தானியத்தை இனிப்பிற் பிசைந்து பிடிப்பது நமக்கும் புதிதன்று. பொரிவிளாங்காய் தெரிந்த கைகளுக்கு இது எளிது.

ஓட்ஸ் – 200 கிராம்
அரிசிப்பொரி – 30 கிராம்
பூசணி விதைப் பருப்பு – 50 கிராம்
முந்திரிகை வற்றல் – 50 கிராம்
விதை நீக்கிய பேரீச்சம்பழம் – 150 கிராம்
கித்துள் பாணி – 3 மேசைக்கரண்டி
வெண்ணெய் – 2 மேசைக்கரண்டி
ஏலப்பொடி, உப்பு – சிறிதளவு

பொதியில் வாங்கும் பொருள்களின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தே வாங்குக. கச்சானும் கஜுவும் கையாளும் இடத்தில் பொதி செய்தவை நமக்கு வேண்டா. நிறுத்து விற்கும் கடைகளில் ஒரே கரண்டி பல சாக்குகளிலும் புகுவதுண்டு. கறிக்கு வெட்டிய பூசணிக்காயின் விதையைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, உடைத்துப் பருப்பெடுத்தால் அந்தக் கவலையே இல்லை. மாலை வேளையில் இவ்வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்; மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

செய்யும் முறை

முதலில் தாச்சி, அகப்பை, தட்டு, கத்தி, பலகை யாவற்றையும் சவர்க்காரமிட்டுச் சுடுநீரிற் கழுவுக. மண்சட்டியும் மர அகப்பையும் எண்ணெயை உறிஞ்சி வைத்திருப்பவை; ஆதலால் இதற்கெனப் புதியனவற்றை வைத்துக்கொள்வதே நன்று. அன்றைய தினம் அடுக்களையில் வேறு கச்சான் வேலை கூடாது.

பேரீச்சம்பழத்தைக் காற்கோப்பைச் சுடுநீரில் 15 நிமிடம் ஊறவைத்துப் பசையாக மசித்துக்கொள்க. ஓட்ஸை மெல்லிய நெருப்பில் 8 முதல் 10 நிமிடம் வரை, வாசனை எழும்வரை கிளறி வறுக்க வேண்டும். விதைப் பருப்பையும் தனியே வறுத்தெடுக்கவும். பின்பு பாணி, வெண்ணெய், பேரீச்சம்பழப் பசை மூன்றையும் சேர்த்துக் காய்ச்சுக. அகப்பையை ஒட்டித் திரண்டு வரும் பதத்தில் இறக்கி, உப்பும் ஏலமும் தூவி, மற்றவற்றைக் கொட்டிச் சூடு ஆறுமுன் பிசறவும்.

வெண்ணெய் தடவிய தாள் விரித்த 20 சதமமீற்றர்ச் சதுரத் தட்டில் இதைப் பரப்பி, தட்டையான அடியுள்ள கோப்பையால் பலமாக அழுத்துக. அழுத்தம் போதாவிட்டால் வெட்டும்போது உதிர்ந்துவிடும். போறணை உள்ளவர்கள் 160 பாகை வெப்பத்தில் 20 முதல் 25 நிமிடம் சுடலாம். இல்லாதவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தாற் போதும். நன்றாக ஆறிய பின்னரே 16 துண்டுகளாக வெட்ட வேண்டும். காற்றுப் புகாத பேணியில் இட்டுக் குளிரில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும்.

இனிப்பும் அளவும்

பாணியும் பனங்கட்டியும் சீனியைப் போலக் கெடுதியல்ல என்று பலர் எண்ணுகின்றனர். உடலுக்கு அவையும் சீனியே. நாளொன்றுக்கு உண்ணும் சேர்ப்புச் சீனி ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருப்பது மிக நன்று என 2015இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. இத்துண்டு ஒன்றில் அரைத் தேக்கரண்டியளவு பாணியே உண்டு. மிகுதி இனிப்பைப் பழங்கள் தருகின்றன. ஆயினும் நாளுக்கு ஒன்று போதும். விதையும் வற்றலும் தொண்டையில் அடைக்கக்கூடுமாதலால் மிகச் சிறு குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாது.

மறவாதீர்கள்

பிள்ளைக்கு எது ஒவ்வாது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். பாலும் ஓட்ஸும் ஒவ்வாத பிள்ளைகளும் உளர். மூச்சுத் திணறலோ மயக்கமோ கண்டால், வீட்டு வைத்தியம் பார்த்துக் காலங்கடத்தாமல் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். வைத்தியர் அட்ரினலின் ஊசியை முன்னரே தந்திருந்தால் உடனே அதனைப் பாவிக்க வேண்டும்.

விருந்து முடிந்து ஒரு வாரம் கழித்து, புதிய தாச்சியொன்று வாங்கி, மீண்டும் இப்பண்டத்தைச் செய்தேன். இம்முறை அந்தத் தாயாரை முன்னரே அழைத்து, அடுக்களையில் என்னுடன் நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். பொதிகளை அவரே படித்தார். பாத்திரங்களை அவரே கழுவினார். மாலையிலே தட்டை வெளியே கொண்டு வந்தபோது, சிறுவன் தாயின் முகத்தைப் பார்த்தான். தாயார் தலையசைத்தார். முதுகுக்குப் பின்னாலிருந்த இரு கைகளும் ஒருங்கே முன்னே வந்தன.