உங்களுக்குத் தெரியுமா? சென்னையில் விலைபேசிய பிரெஞ்சு மணிமுடி வைரம்!

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் நெல்லூர், ஓங்கோல் தாண்டி கிருஷ்ணா நதி வரும். ஐரோப்பிய அரசர்களை மயக்கிய பல வைரங்கள் அந்த நதிக்கரைச் சுரங்கங்களில் பிறந்தவைதான். அவற்றில் ஒன்று சென்னை வழியாகவே கப்பலேறியது!

◆ 1702இல், சென்னை ஜார்ஜ் கோட்டை கவர்னர் தாமஸ் பிட், ஜம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் பட்டை தீட்டாத கல்லை வாங்கினார். முதலில் சொன்ன விலை 2 லட்சம் வராகன் (அன்றைய பொன் நாணயம்). பேரம் படிந்தது 48,000 வராகனுக்கு!

◆ பிட்டின் மகன் ராபர்ட் கையில் லண்டன் போன கல்லைப் பட்டை தீட்டச் சுமார் 2 ஆண்டுகள் ஆயின. மிஞ்சியது 140.64 காரட்.

◆ 1717இல் பிரான்ஸின் அரசப் பிரதிநிதி ('ரீஜென்ட்') பிலிப் இதை 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். அதனால் பெயர் 'ரீஜென்ட்' வைரம்.

◆ 1722இல் பதினைந்தாம் லூயியின் மணிமுடியில் ஏறியது; 1792இல் திருடுபோய் மறு ஆண்டு மீண்டது; பிறகு நெப்போலியனின் வாள் பிடியில் மின்னியது. 1887 முதல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

◆ 'வைர பிட்' என்றே பெயர்பெற்றார் தாமஸ் பிட். அவருடைய பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் பிரதமர்கள் ஆனார்கள்!